காற்றுப் போக வழி

கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தோய்த்த உடுப்பைக் காயவைப்பது பெரும்பாடு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதை நம்பிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் இன்னொரு விதம். மழை விட்டுவிட்டுத்தான் பெய்யும், ஆனால் கடற்காற்றில் ஈரம் குறையாது. தடித்த துவாய் இரண்டாம் நாளும் பிசுபிசுக்கும், மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கிவிடும்.

ஹெவ்லொக் டவுனில் முற்றங்கள் போய் மாடிகள் வந்துவிட்டதால் இந்தப் பாடு கூடுதல். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய பகுதி இது. ஹெவ்லொக் வீதியோரம் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933 இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது கொல்வின் ஆர். டி சில்வா ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியபோது அந்தப் போராட்டத்தின் அனுபவமும் அதற்குள் போயிற்று. துணி நெய்த அதே நிலத்தில் இப்போது ஹெவ்லொக் சிட்டியின் கோபுரங்கள் நிற்கின்றன. சுற்றுவட்டாரத்துத் தொடர்மாடிகள் பலவற்றில் பல்கனியில் உடுப்புத் தொங்கவிடக் கூடாது. அங்கே குடியிருப்பவர்கள் ட்ரையர் வாங்காமல் என்ன செய்வார்கள்?

அந்த ட்ரையர்களைத் திருத்துகிற ஒருவரோடு கூடப் போய்வர இடம் கிடைத்தது. பாமன்கடைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் அவருடைய கடை. ஹட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடையொன்றில் பெட்டி தூக்கியவர். அங்கே திருப்பிக் கொண்டுவரப்படும் சாமான்களைக் கழற்றிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கையில் உள்ள சிங்களக் குடும்பங்கள் அவரைப் பாஸ் என்று கூப்பிடுகின்றன, எங்களுக்கு அவர் அண்ணன். சுவரில் ஆணி அடித்துப் பெல்ட்டுகளை நீள வரிசையில் தொங்கவிட்டிருக்கிறார். இறந்துபோன மெஷின்களின் மோட்டர், புல்லி, கதவுச் சுவிட்ச், ரோலர் எல்லாம் பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. அக்கா மகன் ஒருவன் கூட நின்று பழகுகிறான்.

யாராவது போனில் "ட்ரையர் வேலை செய்யேல்ல" என்றால் அவர் முதலில் கேட்பது: "தண்ணி பிழியிற பக்கமா, சூடு காத்து அடிக்கிற மெஷினா?" இரட்டைத் தொட்டி மெஷினில் தண்ணீர் பிழியும் தொட்டியையும் நம்மவர்கள் ட்ரையர் என்றே சொல்வதால் இதைக் கேட்காமல் கிளம்பினால் பாதி நாள் வீண். அடுத்து, ட்ரம் சுற்றுகிறதா, சூடு வருகிறதா என்று விசாரிப்பார். சுற்றாமல் மோட்டர் மட்டும் இரைந்தால் பெல்ட். சுற்றியும் சூடில்லை என்றால் கொயில் அல்லது பியூஸ். சூடு இருந்தும் உடுப்புக் காயவில்லை என்றால் எங்கேயோ காற்று அடைபட்டிருக்கிறது. போனிலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

நான் பார்த்த வேலைகளில் மனதை விட்டு நீங்காதது ஒரு கனடா மெஷின். பல வருடங்கள் ரொறன்ரோவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய அம்மா ஒருவர், ஹெவ்லொக் வீதியை அண்டிய தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் இருக்கிறார். வீட்டுச் சாமான்களோடு ட்ரையரும் கப்பலில் வந்திருக்கிறது.

"தம்பி, இது மூண்டாந்தரம். பியூஸ் மாத்திற ஆள் வாறார், மாத்திறார், காசை வாங்கிக்கொண்டு போறார். ரெண்டு கிழமையில திரும்பவும் எரியுது. கடைசியா வந்தவர் சொன்னார், பியூஸே வேண்டாம், டைரக்டாக் குடுத்துவிடுறன் எண்டு."

அண்ணன் மீற்றரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "டைரக்ட் குடுக்க விடாதீங்கம்மா. பியூஸ் எரியிறது அது தன்னோட வேலைய செய்யிறதால. அதை ஏன் எரிய விடுறோம்னு பாப்போம்."

கரண்டை நிறுத்தி, மெஷினைச் சுவரில் இருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கொயில் பெட்டியின் ஓரத்தில் விரல் நுனியளவுக்கு ஒரு தேர்மல் பியூஸ். வெப்பம் எல்லையைத் தாண்டினால் அது ஒருமுறை அறுந்துபோகும், தானாகத் திரும்ப ஒட்டாது. மீற்றரின் இரண்டு முனையையும் வைத்தார். சத்தம் இல்லை. பியூஸ் போனது உறுதி. வேறு யாராக இருந்தாலும் புதியதை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவர் மெஷினின் பின்னால் ஒட்டியிருந்த விபரத் தாளை ரோச் அடித்து வாசித்தார். வட அமெரிக்க ட்ரையருக்கு 240 வோல்ட், 60 ஹேட்ஸ். கொயில் 240 இல் எரியும், மோட்டர் மட்டும் 120 இல் ஓடும். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். கொயிலுக்கு 230 கிட்டத்தட்டப் போதும். மோட்டருக்கு வோல்ட்டைக் குறைக்க முன்பு யாரோ ஒரு ட்ரான்ஸ்போமர் பூட்டியிருந்தார்கள். அதனால் மெஷின் ஓடியது. ஆனால் ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேட்ஸ் 50 ஆகவே இருக்கும். நிமிடத்துக்கு 1725 சுற்றுப் போகவேண்டிய மோட்டர் இங்கே 1440 ஐக்கூடத் தொடாது. விசிறியும் அதே மோட்டரின் தண்டில்தான் இருக்கிறது. காற்று ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, சூடோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, நான்கு அங்குலக் காற்றுக் குழாயை அலுமாரிக்குப் பின்னால் இரண்டு இடத்தில் மடித்துக் குளியலறை யன்னலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பியூஸ் எரியாமல் என்ன செய்யும்?

இதை அவர் எனக்குச் சொன்ன விதம் இன்னும் எளிது. "டைமரைப் பாருங்க. ஒரு மணித்தியாலம் வச்சா எவ்வளவு நேரம் ஓடுதுன்னு அம்மாகிட்ட கேளுங்க." கேட்டேன். ஒன்றேகால் மணித்தியாலம் வரைக்கும் போகும் என்றார் அம்மா. டைமரின் சின்ன மோட்டரும் ஹேட்ஸுக்கு ஏற்றபடி சுழல்வதால் அறுபது நிமிடம் எழுபத்திரண்டு நிமிடமாக நீண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு சமன்பாடாக நான் படித்த விஷயம் அந்த வீட்டில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவர் ஒரு கேள்வியில் வெளியே எடுத்தார்.

அந்த மெஷினில் கொயில் இரண்டு, வெளிவட்டம் ஒன்று, உள்வட்டம் ஒன்று. அண்ணன் அதில் ஒன்றின் இணைப்பைக் கழற்றி, முனையைப் பாதுகாப்பாக மூடிக் கட்டினார். ஐந்து கிலோவாட் சூடு ஏறக்குறைய பாதியானது. ட்ரான்ஸ்போமரில் 110 இல் இருந்த வயரை 100 க்கு மாற்றினார். ஹேட்ஸ் குறைந்த இடத்தில் அதே வோல்ட்டைக் கொடுத்தால் மோட்டர் சூடேறும் என்றார். யப்பான் சாமான்களுக்காக இந்த 100 வோல்ட் முனை இங்கே விற்கும் ட்ரான்ஸ்போமர்களில் இருப்பது வசதி. குழாயை வெட்டிக் குறுக்கி, வளைவில்லாமல் யன்னலுக்கு நேரே விட்டார். எர்த் வயர் மெஷினின் உடம்பைத் தொடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். நம் வீடுகளுக்குச் சாதாரணமாக வரும் இணைப்பு 30 அம்பியர். அந்தக் கொயில்கள் இரண்டும் சேர்ந்து அதில் 20 அம்பியருக்கு மேல் தின்றுகொண்டிருந்தன. இனிமேல் ட்ரையர் ஓடும்போது அம்மா கேத்திலைப் போடலாம். காய நேரம் கூடுதலாகும், அதை மறைக்காமல் முதலே சொன்னார்.

பிறகு பெல்ட். பழையது நூல் நூலாகக் கிழியத் தொடங்கியிருந்தது. ட்ரையர் வேலையில் கைப்பழக்கம் வேண்டிய இடம் இதுதான். ட்ரம்மைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டு, கீழே கை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இருட்டில் இழுவைப் புல்லியை ஒரு பக்கம் தள்ளி, பெல்ட்டை மடித்து அதன் அடியால் எடுத்து மோட்டர்ப் புல்லியில் கொளுவ வேண்டும். இதை அவர் தானே செய்யவில்லை. அம்மாவைத் தரையில் உட்காரவைத்துக் கையை உள்ளே விடச் சொன்னார். "புல்லி தெரியுதாம்மா? உருண்டையா, குளிர்ச்சியா இருக்கும். அதை இடப்பக்கம் தள்ளுங்க. இப்ப பெல்ட்டைக் கீழால விடுங்க." அறுபது தாண்டிய அந்த அம்மாவின் முகத்தில், பெல்ட் கொளுவிய நொடியில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ட்ரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது ஓடியது.

சொல்லிக் கொடுத்தால் தொழில் போய்விடாதா என்று படியிறங்கும்போது கேட்டேன். மெஷினைத் திறந்து பார்த்தவர்கள் சத்தம் மாறும்போதே கூப்பிடுகிறார்கள், பார்க்காதவர்கள் புகை வந்த பிறகு கூப்பிடுகிறார்கள் என்றார். புகை வந்த மெஷினில் அவருக்கும் லாபமில்லை, வீட்டுக்காரருக்கும் லாபமில்லை.

புகை என்று அவர் சொன்னது மிகையல்ல. ட்ரையருக்குள் எரியத் தயாராக இருக்கும் பொருள் உடுப்பில் இருந்து உதிரும் பஞ்சு. கொயிலுக்குப் பக்கத்தில் அது படிந்து, காற்றும் தடைப்பட்டு, காவலுக்கு இருந்த பியூஸையும் டைரக்ட் கொடுத்துவிட்டால் மிச்சம் நெருப்புத்தான். 2008 முதல் 2010 வரையான காலத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு ட்ரையர்த் தீ விபத்துகள் பதிவாகின. மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சுத்தம் செய்யாமை என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிருவாகம் எழுதியது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் பதினெட்டு மாடிக் கட்டடமொன்றில் பிடித்த தீயும் பழுதான ட்ரையரில் இருந்தே தொடங்கியது. தொடர்மாடியில் ஒருவர் வீட்டுப் பஞ்சு எல்லார் வீட்டுப் பிரச்சினை. ஹெவ்லொக் டவுனில் மாடிகள் உயர உயர இதை நான் பயத்தோடுதான் நினைக்கிறேன்.

டைரக்ட் கொடுக்கும் பழக்கம் எப்போது பரவியது என்று அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றது. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. ஐம்பது ரூபாய்ப் பொருளுக்குப் புறக்கோட்டை முழுக்க அலைந்தாலும் கிடைக்காத காலம் அது. மெஷின் ஓடினால் போதும் என்று சனம் கேட்டது, திருத்துகிறவர்களும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்து கொடுத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் செய்த மெஷின்கள் பல இன்றைக்கும் அதே நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன, வீட்டுக்காரருக்கே தெரியாமல். அண்ணன் எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் தேடுவது பியூஸின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டிய வயர்த் துண்டைத்தான். கண்டால் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். ட்ரையர்கள் மூலையில் ஒதுங்கின. ஓடாமல் நின்ற மெஷின்களுக்கு வேறு நோய் வந்தது. உப்புக் காற்றில் இணைப்புகள் துருப்பிடித்தன, காற்றுக் குழாயால் பல்லி புகுந்து இணைப்புகளில் கருகிக் கிடந்தது, கொயில் ஈரத்தை இழுத்துக்கொண்டது. மாதக்கணக்கில் நின்ற மெஷினைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், மெஷினின் உடம்புக்குக் கசியும் கரண்ட் 30 மில்லிஅம்பியர் அளவைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது ட்ரிப் சுவிட்சை மாற்றச் சொல்லுகிற ஆளை வீட்டுக்குள் விடவே கூடாது என்பார்.

வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியவற்றை அவர் எல்லா வீட்டிலும் செய்துகாட்டுகிறார். பஞ்சு வடியை ஒவ்வொரு முறையும் துடைப்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதன்மேல் பைப் தண்ணீரைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிது. தண்ணீர் வலைக்குள்ளால் இறங்காமல் தேங்கினால், வாசனைக்குப் போடும் மென்மைத் தாள்களின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. சவர்க்காரமும் பழைய பல் தூரிகையும் போட்டுத் தேய்த்தால் போகும். குழாயைக் கழற்றி வீட்டுக்கு வெளியே தட்டலாம். பெல்ட் மாற்றலாம். மீற்றர் இருந்தால் கரண்டை அடியோடு பிடுங்கிவிட்டுப் பியூஸைச் சோதிக்கலாம். எர்த், ட்ரான்ஸ்போமர், கொயில் இணைப்பு மூன்றுக்கும் ஆள் கூப்பிட வேண்டும். அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர் சொல்லும் இன்னொன்று ட்ரையருக்கு வெளியே இருக்கிறது. தோய்க்கும் மெஷினில் கூடிய வேகத்தில் பிழிந்தெடுங்கள் என்கிறார். ஐந்து கிலோ பருத்தி உடுப்பை நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்தாலும் ஏறக்குறைய மூன்று லீற்றர் தண்ணீர் உள்ளே நிற்கும். அதை ஆவியாக்க மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு யூனிட் வேண்டும், கொயில் மெஷினில் செலவு மூன்றைத் தாண்டும். ஒரு லீற்றரைச் சுழற்றி வெளியேற்றுவது அதை ஆவியாக்குவதை விட எவ்வளவோ மலிவு. கரண்ட் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு வார்த்தையே போதும்.

புதிய தொடர்மாடிகளில் இப்போது கொயிலே இல்லாத வெப்பப் பம்பி ட்ரையர்கள் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் இருந்து புதிதாகச் சந்தைக்கு வரும் ட்ரையர்களுக்கு விதித்த மின்சிக்கன அளவைக் கொயில் மெஷின்களால் எட்ட முடியாது. இந்தப் புது மெஷின்களுக்குள் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதுபோல் கொம்பிரஸரும் வாயுவும் உண்டு. அண்ணனின் பிஸ்கட் டின்களில் அவற்றுக்கு எதுவும் இல்லை. அதனால் வெள்ளவத்தையில் பிரிட்ஜ் திருத்தும் நண்பர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வாயு நிரப்பவும் செப்புக் குழாய் ஒட்டவும் பழகுகிறார். மருமகனையும் கூட்டிக்கொண்டு போகிறார். இதுவரை அவரிடம் வந்த வெப்பப் பம்பி மெஷின்களில் வாயு தீர்ந்தது ஒன்றுதான். மற்றவற்றில் தகட்டு இதழ்களுக்கு நடுவே பஞ்சு அடைத்திருந்தது. மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் இதழ்கள் மடிந்துவிடும். அதைச் செய்துகாட்டும்போதும் தூரிகையை வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்கிறார்.