ஒரு சோடி ஒலிபெருக்கி

ஒலிபெருக்கி வாங்குவது பற்றிய கட்டுரையொன்று தமிழ்ச் சங்க மலரில் இடம்பெறுவது பொருந்துமா என்ற ஐயம், இதனை எழுதத் தொடங்கியபோதே எனக்கு எழுந்தது. இலக்கியமும் சமூகமும் பேசப்படும் பக்கங்களில் வாற்றுக் கணக்குக்கும் கம்பி முடிச்சுக்கும் என்ன வேலை என நண்பர் சிலரும் வினவினர். ஆயின், விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைவிட்ட கலைப்பீட மாணவி ஒருத்தி, கையிலிருந்த சிறுதொகையைக் கொண்டு ஒரு சோடி ஒலிபெருக்கியையும் அதனை இயக்கும் கருவியையும் தெரிந்தெடுக்க முற்பட்டு, முதலில் ஏமாந்து, பின்னர் ஓரளவு கற்றுக்கொண்ட வரலாறு, அதே நிலையிலுள்ள பிறருக்குப் பயன்படலாம் என எண்ணினேன். அதற்கப்பால் என் வீட்டோடு தொடர்புடைய காரணமொன்றும் உண்டு. அதனையே முதலிற் கூறிவிடுகின்றேன்.

எங்கள் ஊர் வடமராட்சியில் உள்ளது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபதைக் கடந்தவர். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். சுற்றுபவர் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும் என்பார். கேட்டல் என்பது அவர்களுக்கு ஓர் உடலுழைப்பாகவே இருந்திருக்கின்றது.

எங்கள் வீட்டில் ஒலிநாடா ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்த பெரியப்பாவுக்கு அனுப்பவென 1987 இல் அப்பாச்சி பேசிப் பதிந்தது. அவ்வாண்டின் இடர்களிடையே அது அனுப்பப்படாமலே வீட்டில் தங்கிவிட்டது. பதிந்தபோது அப்பா வீட்டில் இருக்கவில்லை. அப்பாச்சி மறைந்தபின் 1994 இல் ஒருநாள் டைனமோவைச் சுற்றி அதனைக் கேட்டிருக்கிறார்கள். வேகம் ஏறியும் இறங்கியும் ஓடிய நாடாவில் குரல் இழுபட்டது. சொற்கள் பாதியே பிடிபட்டன. பின்னர் அது தகரப்பெட்டிக்குள் போயிற்று. அண்மையில் நண்பர் ஒருவர் அதனைக் கணினியிற் பதிந்து தந்தார். கைத்தொலைபேசியில் அதனைப் போட்டுக் காட்டியபோது அப்பா கூறியது இது:

“குரல் அம்மான்ரைதான் பிள்ளை. சொல்லுத்தான் பிடிபடேல்லை.”

முதுமையில் செவி முதலில் இழப்பது உயர் மீடிறன் கொண்ட ஒலிகளையே. பேச்சில் உயிரொலிகள் வலிமையைத் தருகின்றன. சொல்லைச் சொல்லினின்று பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். சகரம் போன்ற உரசொலிகளின் ஆற்றல் மிகுதியும் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலேயே அமைந்துள்ளது. ஆதலின் முதியவர் ஒருவருக்குக் குரல் கேட்கும், சொல் கேளாது. காதிற் பொருத்தும் கருவியை அப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். சிறிது நேரத்தில் கழற்றிவிட்டார். “அம்மா கதைக்கேக்கை நான் மட்டும் கேக்கிறதே? மாமியும் கேக்க வேணும்” என்றார். அன்றே ஒலிபெருக்கி வாங்குவதெனத் தீர்மானித்தேன்.

மகாபொல உதவுதொகையிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பெற்ற பணத்திலும் 60,000 ரூபா சேர்ந்திருந்தது. கொழும்பிற் கடையொன்றில் 24,000 ரூபாவுக்கு ஒரு தொகுதி வாங்கினேன். மட்டைப்பெட்டியில் 1000 வாற்று எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவ்வெண்ணே என்னை வென்றது. வீட்டில் அதனை இயக்கியபோது சுவர்கள் அதிர்ந்தன. அப்பாச்சியின் குரலோ முழக்கத்துள் மூழ்கிற்று. “மழை இரைச்சலுக்குள்ளை ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார் அப்பா.

நெல்லியடியில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கிறார். டைனமோக் காலத்தில் ஊரின் அரைவாசி வானொலிகளுக்கு உயிர் கொடுத்தவர் என்பர். அவரிடம் தொகுதியைக் கொண்டு சென்றேன். அவர் மட்டைப்பெட்டியைப் பார்க்கவில்லை. மின்வழங்கியின் அடியிலிருந்த சிறிய எழுத்தைப் படித்தார். 12 வோற்று, 3 அம்பியர்.

“ரண்டையும் பெருக்கு பிள்ளை.”

முப்பத்தாறு. முப்பத்தாறு வாற்று உட்செல்லும் கருவியிலிருந்து தொடர்ச்சியாக ஆயிரம் வாற்று வெளிவருதல் இயலாது. பெட்டியிலிருந்தது கண்ணிமைப்பொழுது உச்சங்களைக் கூட்டிப் பெருக்கிக் காட்டும் விளம்பரக் கணக்கு. நம்பத்தக்கது ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர்வலு மாத்திரமே. எக்கருவியை வாங்கினும் முதலில் மின்வழங்கியைப் பாருங்கள் என்பது நான் கற்ற முதற் பாடம். அத்தொகுதியை, உண்மையைச் சொல்லியே, விடுதித் தோழி ஒருத்திக்கு 15,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். ஆட்டப் பாடல்களுக்கு அது போதும் என்றாள்.

இரண்டாவது பாடம், எவ்வளவு வலு வேண்டும் என்பது. ஒலிபெருக்கியின் பின்புறத்திலோ கையேட்டிலோ உணர்திறன் என ஓர் எண் இருக்கும். 88 டெசிபெல் எனின், ஒரு வாற்று வலுவில் ஒரு மீற்றர் தூரத்தில் அந்த அளவு ஒலி எழும் என்பது பொருள். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து 75 டெசிபெல் அளவில் உரக்கக் கேட்பதற்கும் அவ்வொலிபெருக்கிக்குக் கால் வாற்று வலுவே மிகுதி. இசையில் திடீரென எழும் உச்சங்களுக்கு அதனைப்போல நூறு மடங்கு வேண்டுமெனக் கொண்டாலும் 20 அல்லது 25 வாற்றுடன் கணக்கு முடிந்துவிடுகின்றது. வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மாத்திரமே. எனவே 85 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 100 வாற்றுச் செலவிடுவதும், 88 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 50 வாற்றுச் செலவிடுவதும் ஒன்றே. தடங்கல் என்னும் மற்றோர் எண்ணும் உண்டு: 4, 6, 8 ஓம் என்பன. விரியலாக்கி ஏற்கும் எனக் குறித்த அளவிற் குறைந்த தடங்கலுடைய ஒலிபெருக்கியை அதனோடு இணைத்தலாகாது.

விரியலாக்கி எனப் பாடநூல்களும் அம்பிளிபயர் எனக் கடைக்காரரும் கூறும் கருவி இன்று முன்னைப்போல் விலையேறியதன்று. பழைய வகையினவற்றில் மின்னிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். அதனைப் போக்கக் கனத்த உலோகத் தகடுகளும் வேண்டும். டி வகுப்பு எனப்படும் இன்றைய சிறுகருவிகள் நல்ல வலுவில் இயங்குகையில் உட்கொள்ளும் மின்னில் பத்தில் ஒன்பது பங்குவரை ஒலிபெருக்கிக்குக் கொடுக்க வல்லன. உள்ளங்கையளவு பெட்டியே ஓர் அறைக்குப் போதும். ஆதலாற் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒலிபெருக்கிக்கே ஒதுக்கு என்றார் முதியவர். குரலின் குணத்தை மிகுதியும் மாற்றுவது கூம்பும் பெட்டியுமேயன்றி, அளவறிந்து தெரிந்த விரியலாக்கியன்று.

மூன்றாவது பாடத்தையே நான் மிகவும் மதிக்கின்றேன். “பாட்டுப் போட்டுப் பாக்காதை பிள்ளை. ஆக்கள் கதைக்கிறதைப் போட்டுப் பார்” என்றார் அவர். அது ஊர்க் கைமருந்து போன்றதோர் அறிவுரை என்றே அன்று நினைத்தேன். பின்னர் படித்தபோது, பிபிசி நிறுவனத்தின் பொறியியலாளர் தம் ஒலிபெருக்கிகளை மதிப்பிடுகையில் மனிதக் குரலையே முக்கிய உரைகல்லாகக் கொண்டிருந்தனர் என அறிந்து வியந்தேன். 1970 களில் வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களின் குறுகிய இடத்துக்கென அவர்கள் வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் ஒலிபெருக்கி ஏறக்குறைய 30 சதமமீற்றர் உயரமே உடையது. புத்தக அடுக்கில் அடங்குவது. முழக்கத்தில் அது பெரிதன்று. குரலின் இயல்பைக் காட்டுவதிலேயே புகழ் பெற்றது. முன்பின் கேளாத கருவியொலி சரியா பிழையா என நாம் அறியோம். மனிதர் பேசும் ஒலியையோ பிறந்த நாள்முதல் கேட்டு வருகின்றோம். அதில் நம் செவியை ஏமாற்றுதல் எளிதன்று.

புதியது வாங்க என் பணம் போதவில்லை. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது, 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைக் கடந்தது. அதன்பின் இறக்குமதிப் பொருள் யாவும் மாணவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. எனவே பழையதைத் தேடினேன். பழையதில் பார்க்க வேண்டியவை சில. கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாயின் எங்கள் கடற்காற்றில் உதிர்ந்திருக்கக் கூடும், இறப்பராயின் நீடிக்கும். கூம்பை விரல்களாற் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்கலாகாது. மேலேயுள்ள சிறு கூம்பு, ருவீற்றர் என்பது, உண்மையாக ஒலிக்கின்றதா எனக் காதை அருகே வைத்துப் பார்க்க வேண்டும்; சகரத்தைத் தருவது அதுவே. இவ்வாறு பார்த்து, கொழும்பில் வீடு மாறிச் சென்ற ஒருவரிடம் 32,000 ரூபாவுக்கு ஒரு சோடி வாங்கினேன். விரியலாக்கி 14,000, கம்பி 1,500. கையில் மிஞ்சிய 3,500 ரூபா பஸ்ஸுக்கும் தேநீருக்கும் போயிற்று.

வீட்டில் இணைத்தபோது மீண்டும் தோல்வி. அப்பாச்சியின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நில்லாது அறையெங்கும் சிதறிற்று. நெல்லியடிக்குத் தொலைபேசியிற் சொன்னேன். ஒரு பெட்டியின் நேர்முனையையும் மறைமுனையையும் மாற்றிப் பூட்டியிருப்பாய் என்றார். அவ்வாறே இருந்தது. ஒரு கூம்பு முன்வரும்போது மற்றது பின்செல்ல, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கம்பியை மாற்றியதும் குரல் நடுவில் வந்து அமர்ந்தது. பின்னர் பெட்டிகளைச் சுவர்மூலையிலிருந்து முன்னே இழுத்தேன். மூலை முழக்கத்தை வளர்க்கும். ருவீற்றர் அமர்ந்திருப்பவர் செவியின் உயரத்துக்கு வருமாறு முக்காலிகளில் ஏற்றினேன். இரு பெட்டிகளுக்கிடையேயுள்ள தூரமும், அப்பாவின் நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றுக்குமுள்ள தூரமும் சமமாக அமைத்தேன். வெறுஞ் சீமெந்து நிலத்தில் பாய்களை விரித்து, யன்னலுக்குத் தடித்த சேலையொன்றைத் தொங்கவிட்டேன். எதிரொலி அடங்கிற்று. இவற்றுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. ஆயின் 24,000 ரூபா செய்யாததை இவை செய்தன.

அன்று மாலை மாமியும் வந்திருந்தார். அப்பாச்சி ஆட்டைப் பற்றியும் வேலி அடைத்ததைப் பற்றியும் பேசினார். பின்னர் அப்பாவைப் பற்றிய அந்த வாக்கியம் வந்தது. 1994 இல் கேட்டபோது, “தம்பி கேக்கிறானில்லை” என்பதே அப்பாவின் செவியில் தங்கியிருந்தது. இடையிலிருந்த சொல்லை நாடா விழுங்கிவிட்டது. அந்நாட்களில் வெளிநாடு போகச் சொன்ன தாயோடு மறுத்து வாதிட்டவர் அவர். எனவே அவ்விடத்தில் ‘சொல்லு’ என்பதைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டார். சொல்லுக் கேளாத பிள்ளை எனத் தாய் தம்மைப் பற்றிக் குறைகூறியதாகவே முப்பது ஆண்டுகள் எண்ணியிருந்தார். இதனை அவர் எவரிடமும் கூறியதில்லை.

“தம்பி காசு கேக்கிறானில்லை. நீதான் பாத்து அனுப்ப வேணும்.”

அப்பா மீண்டும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டபின் மாமியைப் பார்த்தார். “காசெண்டுதானே சொல்லுறா” என்றார் மாமி. அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒலிபெருக்கி செவிக்கு மருந்தன்று. அடுத்த வாரமே அப்பாவைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன்; அதனைச் செய்யாது கருவி மாத்திரம் வாங்குதல் அரைவேலையே. அதுபோல, நாடாவில் இல்லாததை எந்த ஒலிபெருக்கியாலும் உண்டாக்க இயலாது. அச்சொல் 1987 முதல் அங்கேயே இருந்தது.

கேள் என்னும் வினையடிக்குச் செவியால் உணர்தல், வினாவுதல், சொற்படி நடத்தல் என மூன்று பொருளும் உண்டென்பதைத் தமிழ் மாணவர் அறிவர். எங்கள் வீட்டில் அம்மூன்றும் ஒரு சொல்லில் முப்பது ஆண்டுகள் சிக்கிக் கிடந்தன. கருவி வாங்க விரும்பும் நண்பர்களுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே: எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், நீங்கள் நன்கறிந்த ஒருவரின் குரலைக் கையோடு கொண்டு சென்று, அதனைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் முறை போடப்போனபோது அப்பா கையசைத்துத் தடுத்தார்.

“சத்தத்தைக் கொஞ்சம் குறை பிள்ளை,” என்றார். “இப்ப விளங்குது.”