பந்து இல்லாத ஒரு வருஷம்



போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நம் பள்ளிக் கால்பந்து அணி 9–0 என்று தோற்றது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் மறுநாள் பிரேயரில் தெரிந்திருக்கும். அந்த ஒன்பது கோலையும் விட்ட கோல்கீப்பர் நான்தான். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயர் "நவக்கிரகம்". கேன்டீன் பக்கம் போனால்கூட, "நவக்கிரகத்தைச் சுத்திட்டுப் போங்கடா" என்று சத்தம் வரும். நானும் சிரித்துக்கொண்டே போவேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் கிளவுஸைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டேன். இனிமேல் பந்துப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது. ஆனால் முதலில் உங்களை ரொம்ப தூரம் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோடை விடுமுறையில் எங்கள் அண்ணன் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் செங்குத்தான பச்சை மலை. கேலரியில் கொஞ்சம் பேர், அவர்களும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காற்று அடிக்கிற அடியில் கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வருகிறது! நான் ஏதோ ஊர்த் திருவிழா மேட்ச் என்று நினைத்தேன். அண்ணன்தான், "டேய், இது ஒரு நாட்டோட முதல் டிவிஷன் லீக்டா" என்றான். என்னால் நம்பவே முடியவில்லை.

அந்த இடத்தின் பெயர் ஃபாரோ தீவுகள். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், அட்லாண்டிக் கடலில் இருக்கிற 18 தீவுகள். மேப்பில் பார்த்தால் பேனா தெறித்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள்தான். டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குக் கீழே வருகிறது. ஆனாலும் தனி நாடாளுமன்றம், தனி மொழி, தனிக் கொடி எல்லாம் உண்டு. மொத்த ஜனத்தொகை சுமார் 55 ஆயிரம். மனிதர்களைவிடச் செம்மறி ஆடுகள் அதிகம். முக்கியத் தொழில் மீன்.

இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் முதல் டிவிஷனில் மட்டும் 10 அணிகள்! ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளுடன் மூன்று தடவை மோத வேண்டும். ஆக ஆளுக்கு 27 ஆட்டம். குளிர்காலத்தில் இருட்டும் புயலும் என்பதால் மார்ச் மாதம் தொடங்கி அக்டோபர் வரை ஆடுகிறார்கள். பெண்களுக்கும் 1985 முதல் தனி லீக் நடக்கிறது. தலைநகரமான டோர்ஸ்ஹவ்னில் உள்ள ஹெச்.பி. என்ற கிளப் 2020-இல் தன் 24-ஆவது பட்டத்தை வென்றது. ஆனால் தலைநகரம்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டொஃப்டிர் என்று ஒரு ஊர், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1984, 1985, 1992 என்று மூன்று தடவை சாம்பியன் ஆகியிருக்கிறது. நம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையே அதைவிட அதிகம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆடப் போவதே அந்தக் காலத்தில் பெரும்பாடு. இப்போது கடலுக்கு அடியில் மலையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். கிளாக்ஸ்விக் என்ற ஊருக்கு 2006-இல் அப்படி ஒரு சுரங்கப்பாதை வந்தது. 2020-இல் திறந்த இன்னொன்றில் கடலுக்கு அடியிலேயே ஒரு ரவுண்டானா இருக்கிறது! அதற்கு முன்பெல்லாம் மேட்சுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். தெற்கே இருக்கிற சுடுரோய் தீவுக்கு இன்றைக்கும் கப்பலில்தான் போக வேண்டும், சுமார் இரண்டு மணி நேரம். அந்தத் தீவில் 1892-இல் தொடங்கிய டி.பி. என்ற கிளப்தான் அந்த நாட்டிலேயே பழையது.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

இந்த லீக் தொடங்கிய வருஷம் 1942. அது என்ன காலம் தெரியுமா? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்த சில நாட்களில், 1940 ஏப்ரலில், பிரிட்டிஷ் படை ஃபாரோ தீவுகளில் வந்து இறங்கியது. போர் முடிகிற வரை அங்கேயே இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இவர்கள் லீக் ஆரம்பித்தார்கள்! முதல் சாம்பியன் கிளாக்ஸ்விக். 1943-லும் ஆடினார்கள். சாம்பியன் பட்டியலில் 1944-க்கு நேராக மட்டும் பெயர் இல்லை. ஏன் என்று தேடிப் பார்த்தேன். குண்டு போட்டார்களா? தடை போட்டார்களா? எதுவுமில்லை. பந்து கிடைக்கவில்லை! போரினால் கால்பந்துக்கே தட்டுப்பாடு. 1945-இல் மறுபடியும் ஆடினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பீரோ மேலே பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் நிறுத்தியது பந்து இல்லாததால். நான் நிறுத்தியதற்குக் காரணம்? நம் ஸ்போர்ட்ஸ் ரூமில் மூன்று பந்து இருக்கிறது. ஒன்றில் காற்று நிற்காது, அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் அந்த நாட்டு கோல்கீப்பர்கள் யார் யார் என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஜென்ஸ் மார்ட்டின் நுட்சன். இவர் மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். சின்ன வயதில் தலையில் அடிபட்டதால், உச்சியில் குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் கோலில் நிற்பார். பார்த்தால் ஸ்வெட்டர் குல்லா மாட்டிய சின்னப் பிள்ளை மாதிரி இருப்பார்.

1990 செப்டம்பர் 12. ஃபாரோ தீவுகளின் தேசிய அணிக்கு முதல் பெரிய போட்டி, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரணி ஆஸ்திரியா. அந்த வருஷம்தான் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்திருந்த அணி. ஃபாரோவில் அப்போது விதிமுறைப்படி ஒரு புல் மைதானம்கூடக் கிடையாது. அதனால் சொந்த ஊர் மேட்சை ஸ்வீடன் நாட்டில் லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் போய் ஆடினார்கள். ஆடியவர்கள் எல்லாரும் அந்தச் சின்ன லீக்கில் ஆடிப் பழகியவர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். எத்தனை கோல் விழும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

முடிவு 1–0. ஜெயித்தது ஃபாரோ! கோல் போட்ட டோர்கில் நீல்சன் மரக்கடையில் விற்பனை வேலை பார்த்தவர், செஸ்ஸிலும் கெட்டிக்காரர். ஆஸ்திரியப் பயிற்சியாளர் பதவியை விட்டே போய்விட்டார். குல்லா கோல்கீப்பர் உலகப் புகழ் பெற்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இப்படி "சின்ன அணி பெரிய அணியை ஜெயித்தது" கதை நிறையப் படித்திருக்கிறோம். நான் அடுத்த ஆட்டங்களையும் பார்த்தேன். அதே தகுதிச் சுற்றில் டென்மார்க்கிடம் 4–1. யூகோஸ்லாவியாவிடம் 7–0. வட அயர்லாந்திடம் 5–0. மொத்தம் 8 ஆட்டத்தில் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஆறு தோல்வி. போட்ட கோல் 3. வாங்கிய கோல் 26.

இருபத்தாறு! நான் ஒன்பதுக்கே கிளவுஸைத் தூக்கிப் போட்டவன்.

அன்று ராத்திரி இந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். எங்கள் அப்பா துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் கையெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "இந்தக் குல்லாக்காரன் மீன் கம்பெனியிலயா வேல பாக்குறான்?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அவனுக்கு ஷிப்ட் எத்தன மணிக்குப்பா முடியும்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா தொடர்ந்தார். "இல்ல, வேல முடிஞ்சு வந்தா கையைத் தூக்கவே முடியாது. அதுக்கப்புறம் போயி இந்தக் காத்துல நின்னு எகிறிப் புடிக்கிறான்னா, அவனுக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட உட்கார்ந்துவிட்டார். "நீயும் போய் ஆடு" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. 7–0 தோற்ற அந்த ஆட்டக்காரர்கள் ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்திருப்பார்கள்? மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்புறம் லீக் மேட்ச் இருந்திருக்கும். அதில் போய் ஆடியிருப்பார்கள். பார்க்க அதே ஊர்க்காரர்கள்தான் வந்திருப்பார்கள், கிண்டலும் பண்ணியிருப்பார்கள். அந்த லீக் இருந்ததால்தான் அவர்களுக்குத் திரும்பி வர ஒரு இடம் இருந்தது.

அந்த லீக்கின் சாம்பியன் கிளப் 1992-இல் முதல் தடவையாக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறியது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஏதாவது ஒரு கிளப் போகும், சில நேரம் ஒரு சுற்று தாண்டும், அப்புறம் தோற்றுவிட்டு வரும். 2023-இல்தான் அது மாறியது. 5 ஆயிரம் பேர் வாழ்கிற கிளாக்ஸ்விக் ஊரின் அணி, ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸ் என்ற பெரிய கிளப்பை புடாபெஸ்டிலேயே போய் 3–0 என்று தோற்கடித்தது. அடுத்துச் சுவீடன் சாம்பியன் ஹேக்கன் அணியை பெனால்டியில் ஜெயித்தது. கடைசியில் கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியப் போட்டியில் குரூப் சுற்றுக்குள் நுழைந்தது. ஒரு ஃபாரோ கிளப் இந்த அளவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பிரான்சின் லில் அணியுடன் 0–0 டிரா, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா அணியுடன் 3–0 வெற்றி. ஆனால் குரூப்பில் கடைசி இடம்தான், 4 புள்ளிகள். பொய் சொல்லக் கூடாது இல்லையா?

1992-க்கும் 2023-க்கும் நடுவில் 31 வருஷம். 1992-இல் ஆடியவர் யாரும் 2023-இல் ஆடவில்லை. தாங்கள் பார்க்கப் போகாத ஒரு நாளுக்காக அவர்கள் ஆடினார்கள் என்று எழுதலாம், கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரம் மேட்ச் இருந்தது, அதனால் ஆடினார்கள். அடுத்த வாரமும் இருந்தது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

2020-இல் கொரோனா வந்து உலகமே பூட்டிக் கிடந்தபோது, மே மாதம் 9-ஆம் தேதியே இந்த லீக் தொடங்கிவிட்டது. கேலரியில் ஆளே இல்லை. ஆனால் மேட்ச் இல்லாமல் தவித்த நார்வே நாட்டு டி.வி. இவர்கள் ஆட்டத்தை வாங்கி ஒளிபரப்பியது. பார்க்க ஆளில்லாத லீக்கை அந்த ஒரு மாதம் பக்கத்து நாடே உட்கார்ந்து பார்த்தது!

இப்போது நம் கதை. இந்த வருஷம் குறுவட்டப் போட்டிக்கு நம் பள்ளி சார்பில் அணி போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பி.டி. சார் நோட்டில் இதுவரை எட்டுப் பெயர்தான் இருக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பதினோரு பேர் சேரலைன்னா இந்த வருஷம் என்ட்ரி அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நேற்று சாயங்காலம் நான் போய் ஒன்பதாவது பெயரை எழுதினேன். சார் நிமிர்ந்து பார்த்து, "கீப்பராவா?" என்றார். "ஆமா சார்" என்றேன். பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் "நவக்கிரகம் ரிட்டர்ன்ஸ்" என்றான். சார் சிரித்தார், நானும் சிரித்தேன். இந்தத் தடவை வீட்டுக்குப் போய்க் கிளவுஸை பீரோ மேலிருந்து எடுத்தேன். அதில் பல்லி முட்டை போட்டிருந்தது. துடைத்து வைத்திருக்கிறேன்.

நாம் ஜெயிப்போம் என்று நான் எழுத மாட்டேன். மறுபடி ஒன்பது விழலாம். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் இந்த வருஷத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு, "ஆள் இல்லாததால் அணி அனுப்பவில்லை" என்று எழுத வேண்டாம் நண்பர்களே. பந்து இல்லை என்று எழுதினாலாவது ஒரு நியாயம் இருக்கும்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். நன்றாக ஆடத் தெரிய வேண்டிய அவசியமில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்குள் பி.டி. சாரிடம் பெயர் கொடுங்கள். குல்லா போட்டுக்கொண்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்!

 

– உங்கள் கோல்கீப்பர்,
பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு