பாட்டி சொன்ன முனியாண்டி

நாட்டுப்புறக் கதைகளையும் தொன்மங்களையும் எழுதும் வகுப்பில் சேர்ந்தபோது, எளிதான பாடம் என்றுதான் நினைத்தேன். தோட்டத்தில் பால்வெட்டிய குடும்பத்தின் பேத்தி நான். கதைக்கா பஞ்சம்?

முதல் பயிற்சி, வீட்டில் கேட்ட கதை ஒன்றை எழுதுவது. ரப்பர் தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டியைப் பற்றிச் சிறுவயதில் பாட்டி சொன்னதை எடுத்துக்கொண்டேன். 'காரிருள் அரக்கனைப்போல் வாய்பிளந்து நின்றது' என்று தொடங்கி, உண்டியல் திருட வந்தவனை முனியாண்டி அடித்துக் கொல்வதாக முடித்தேன். அந்தத் திருடன் பாட்டியின் கதையில் வந்தவன் அல்லன், சினிமாவிலிருந்து வந்தவன். விரிவுரையாளர் திருப்பித் தந்த தாளின் ஓரத்தில் ஒரே கேள்வி இருந்தது: "இதை யார், யாருக்கு, எப்போது சொன்னார்?" என்னிடம் பதில் இல்லை.

அடுத்து விளாதிமிர் பிராப்பைப் படித்தோம். ரஷ்ய மாயக் கதைகளை ஆராய்ந்து, அவற்றில் வரும் செயல்களை 31 ஆக வகுத்து 1928இல் நூலாக்கியவர். நானும் அந்த 31ஐ வைத்து முனியாண்டிக் கதையை அளந்தேன். நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படவில்லை, மாயப்பொருள் இல்லை, முடிவில் திருமணமும் இல்லை. கதையில்தான் குறை என்று முடிவுகட்டினேன். பிறகுதான் விளங்கியது, பிராப்பின் அளவுகோல் மாயக் கதைகளுக்கு உரியது என்று. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா' கதையை நடந்ததாக யாரும் நம்புவதில்லை. முனியாண்டிக்கோ இடம் உண்டு, பார்த்தவர் உண்டு, நம்பிக்கை உண்டு. அது வேறு வகைக் கதை.

விடுமுறையில் பாட்டியிடம் உட்கார்ந்து, நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"திருடனா? நம்ம தோட்டத்துல திருடுறதுக்கு என்னா கண்ணு இருந்துச்சு?"

பிறகு அவரே சொன்னார். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெண்கள் இருட்டில் நடப்பார்கள். "முன்னால ஒரு சுருட்டு நெருப்பு மட்டும் தெரியும். அவருதான் போறாரு. அப்புறம் என்னா பயம்?"

அவ்வளவுதான் கதை. அடியும் இல்லை, கொலையும் இல்லை. நான் தண்டிக்கும் தெய்வத்தை எழுதியிருந்தேன். பாட்டிக்கு அவர் வழித்துணை. 'அழகுபடுத்துகிறேன்' என்று, இருட்டில் நடந்த அந்தப் பெண்களையே கதையிலிருந்து நீக்கிவிட்டிருந்தேன்.

தொன்மத்தை மாற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகையின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் மாற்றினார். எனக்குப் பாட்டியின் மனம் தெரியவில்லை, தெரியாமலே மாற்றினேன்.

மூன்றாம் முறை எழுதியபோது 'காரிருள்' போய் 'இருட்டு' வந்தது. 'பெரட்டு' அப்படியே நின்றது. சொன்னவர், சொன்ன இடம், கேட்ட நாள் ஆகியவற்றைத் தலைப்பின் கீழ் குறித்தேன். பருவத் தொடக்கத்தில் நான்கு பக்கமாக இருந்த கதை இப்போது ஒன்றரைப் பக்கம். என் முன்னேற்றம் அதுதான்.

அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். பேனாவை எடுக்குமுன் அவர்களிடம் போய் உட்காருங்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என் பாட்டியைக் கேட்டேன்.

"நீ கேக்கலியே, கண்ணு" என்றார்.