வலப்பக்கம் திரும்பும் புகைக்குழாய்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு வண்டியில் முதலில் போவது சைலன்சர்தான். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அடியில் தகரம் செதில் செதிலாக உதிரும். கேட்டால் எல்லோரும் உப்புக்காற்றைக் கைகாட்டுவார்கள். பட்டறைக்காரர் மட்டும், “அது பாதி சார். மீதி உள்ளருந்து திங்குது” என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிப் புகையோடு வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறுவதால் அத்தனையும் ஆவியாகப் போய்விடும். இங்கே படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கே சுமார் 12 கிலோமீட்டர்தான். குழாய் முழுதாகக் காயுமுன் சவாரி முடிந்துவிடுகிறது. தங்கிய நீர் புகையின் அமிலத்தோடு சேர்ந்து சைலன்சர் பெட்டியின் அடியை அரிக்கிறது. அதனால்தான் அவர் செய்யும் ஒவ்வொரு பெட்டியின் தாழ்ந்த முனையிலும் சின்னதாக ஒரு துளை போடுகிறார். ஓட்டை சைலன்சரைத் தந்துவிட்டதாகச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டாம்.

2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. கோவிந்த் நகர் கடைத்தெருவைத் தாண்டி, பாக்குமரங்களின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஹேவ்லாக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் என்பதால் வாடிக்கையாளரிடம் வங்காளியில் பேசுகிறார், உதவிப் பையனிடம் இந்தியில். இரும்பைத் திட்டுவது மட்டும் தமிழில்.

நான் போனபோது ஒரு வாடகைக் காரை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார். பின் அச்சுக்கு மேலே வளைந்து பின்பக்கம் போகிற குழாய் முழுக்க மக்கிவிட்டது. அதே உருவில் புதுக்குழாய் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அவர் பெட்டியோடு குழாயை அறுத்து, பின்சக்கரத்துக்கு முன்னாலேயே வலப்பக்கமாகத் திருப்பி வெளியே விடுகிறார். 1965 கார்வெட்டில் பக்கவாட்டுக் குழாய் ஓர் அலங்காரம். பந்தயக் கார்களில் எடையைக் குறைக்கும் வழி. ஹேவ்லாக்கில் அது கப்பலுக்குக் காத்திருக்க முடியாத டாக்ஸிக்காரரின் அவசரம்.

வளைப்பதுதான் வித்தை. வெறுமனே வளைத்தால் குழாய் உட்பக்கம் நசுங்கி, புகை போகும் வழி குறுகிவிடும். நசுங்காமல் வளைக்கும் இயந்திரம் இவரிடம் இல்லை. குழாயின் ஒரு முனையை அடைத்து, மணலைத் தட்டித் தட்டி இறுக்கி நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, கேஸ் தீயில் செக்கச்சிவக்கக் காய்ச்சி மெல்ல இழுக்கிறார். சுற்றிலும் மணலாகக் கிடக்கும் தீவில் இதற்கான மணலை ஒரு தகர டின்னில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்! கடல்மணல் ஆகாது, உப்பு. ஈர மணலோ ஆளையே அடித்துவிடும். அடைத்த குழாய்க்குள் நீராவி சேர்ந்தால் அடைப்பு குண்டுபோலத் தெறிக்கும். அதனால் மணலை முதலில் இரும்புச் சட்டியில் வறுத்தெடுக்கிறார். மழை நாளில் அந்த வறுவலே அரைநாள் வேலை.

அடுத்தது பற்றவைப்பு. முதலில் நாலு பொட்டு மட்டும். குழாயை வண்டியில் மாட்டி, பிரேக் ஹோசுக்கும் டீசல் குழாய்க்கும் மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, இறக்கி, அதன் பிறகே முழுப் பற்று. எஞ்சின் ஆடும்போது குழாயும் ஆடும் என்பதால் நடுவே பின்னல் போட்ட வளையும் துண்டு ஒன்று. கடைசியில் குழாயின் வாய் பாடியின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். உள்ளே தள்ளி நின்றால் கார்பன் மோனாக்சைடு கதவிடுக்கு வழியாக ஏறும். அதற்கு வாசனை கிடையாது.

தண்ணீர்க்குழாயை வைத்தே செய்துவிடலாமே, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறதே என்று கேட்டேன். துத்தநாகம் பூசிய குழாய் அது. அதைப் பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல். “பால் குடிச்சாச் சரியாப் போயிரும்பாங்க. குடிச்சுப் பாத்துருக்கேன், போகாது” என்று சிரித்தார். துருவேறாத எஃகு இருக்கிறது. ஆனால் அதை ஒழுங்காகப் பற்றவைக்கக் குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு வேண்டும். சிலிண்டர் கடல் தாண்டி வர வேண்டும். சாதாரண 304 ரகமும் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழும் என்பதையும் சொல்ல வேண்டும்.

காரைவிட அவருக்குப் பிடித்தது டுங்கி வேலை. முக்குளிப்போரையும் மீனவரையும் ஏற்றிச் செல்லும் மரப்படகு. டீசல் எஞ்சினின் புகைக்குழாய் பக்கவாட்டில் வெளியேறுமுன் வாத்துக்கழுத்தாக ஒருமுறை மேலே ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அலை உள்ளே புகுந்து சிலிண்டரில் நிற்கும். நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும்.

காரின் குழாயை வலப்பக்கம் திருப்புவதில் சட்டமும் இவர் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆம் விதி, காரின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக்கூடாது, வலப்பக்கமோ பின்பக்கமோதான் போக வேண்டும் என்கிறது. நம் ஊரில் நடப்பவரும் பஸ் ஏறுபவரும் இடப்பக்கம் அல்லவா? ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. துருப்பிடித்ததைச் சரிசெய்வது எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று கொட்டகையில் நின்று பார்த்தால் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. பெட்டிக்குள் போகும் துளையிட்ட குழாயையும் தடுப்புத் தகட்டையும் செய்யத்தான் நேரம் பிடிக்கிறது. சத்தத்தை அடக்குவதும் அவைதான். காசு மிச்சம் பிடிக்கவோ உறுமல் கேட்கவோ அவற்றை விட்டுவிடச் சொல்கிறார்கள் சில இளைஞர்கள். அவர் மறுத்துவிடுகிறார், அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். உறுமல் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. வாடகை வண்டிக்காரர்கள் அந்தத் தகட்டுக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.