யாருடைய நிமிடங்கள்?

மும்பையில் வேலை பார்த்த ஆறு வருடங்களும் அந்தேரியிலிருந்து எல்பின்ஸ்டன் ரோடுக்கு லோக்கலில் போய்வந்தவன் நான். கதவோரக் கம்பியில் நான்கு விரல் பதிய இடம் கிடைத்தால் அது நல்ல நாள். எந்த ரயில் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் அந்தக் கம்பியைப் பிடித்தபடிதான் என்னால் யோசிக்க முடிகிறது.

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோமீட்டர். அன்றைய மதிப்பீடு சுமார் 1.1 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பானியக் கடன். வட்டி 0.1 சதவீதம், தவணைக்காலம் 50 ஆண்டுகள். ஏறத்தாழ இலவசம் என்று பேசப்பட்டது. வட்டிதான் இலவசம், அசல் அல்ல. அதையும் யென்னில் திருப்பித்தர வேண்டும். ரூபாய் இறங்கினால் கடன் தானே வளரும்.

ஜப்பானைப் பாருங்கள் என்பார்கள். 1964ல் டோக்கியோ–ஒசாகா அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது பழைய பாதை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புதியது அந்தக் கூட்டத்தை வாங்கிக்கொண்டது, லாபமும் ஈட்டியது. பின்னால் போட்ட எல்லாப் பாதைகளுக்கும் அது வாய்க்கவில்லை. 1987ல் ஜப்பான் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது அதன் கடன் சுமார் 37 லட்சம் கோடி யென்.

இத்தகைய திட்டங்களின் பொருளாதார வாதம் பெரிதும் மிச்சமாகும் நேரத்தை ரூபாயாக மாற்றுவதில் நிற்கிறது. சம்பளம் கூடக்கூட நிமிடத்தின் விலையும் கூடும். விமானத்தில் போகக்கூடியவரின் நிமிடம் அந்தக் கணக்கில் கனக்கிறது. கதவில் தொங்குபவரின் நிமிடத்துக்கு எடையே இல்லை.

அடிக்கல் நாட்டிப் பதினைந்து நாள் கழித்து, செப்டம்பர் 29 காலையில், எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். நான் தினமும் இறங்கிய படிகள். அங்கே புதிய பாலத்துக்கு முன்பே ஒப்புதல் இருந்தது, வேலைதான் தொடங்கவில்லை. விபத்துக்குப் பின் ராணுவப் பொறியாளர்கள் 2018 பிப்ரவரிக்குள் ஒரு பாலத்தைக் கட்டிமுடித்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பேசுவது உணர்ச்சிவசம் என்றார் நண்பர். ஜப்பான் கடன் தந்தது புல்லட் ரயிலுக்கு, நடைபாலத்துக்கு அல்ல என்றார். உண்மைதான். ஆனால் அசலைத் திருப்பித்தரப்போகும் கஜானா ஒன்றுதானே?

அந்தப் பாலத்தை நான்கு அடி அகலப்படுத்தினால் எத்தனை பேருக்கு எத்தனை நிமிடங்கள் மிச்சமாகும் என்று எவரேனும் கணக்கிட்டிருந்தால், அந்த அறிக்கையை வாசிக்க விரும்புகிறேன்.