மருந்து ஏறும்போது வாய் திறப்போம்

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் 21 வயது யுவதி ஒருவர் ஊசி மருந்து ஏற்றப்பட்டபின் உயிரிழந்தார். அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து பற்றிய விவகாரமும் வெளிவந்தது. அது தொடர்பில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அதன்பின் எங்கள் அக்குறணைப் பக்கத்தில் ‘மருந்து ஏற்ற வேண்டும்’ என்றாலே பலருக்குப் பயம்.

கடந்த வருடம் உம்மாவுக்கு இரத்தச்சோகை கடுமையானது. இரும்புச்சத்துக் குளிசை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. அயன் சுக்ரோஸ் மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்ற வேண்டும் என்றார் டொக்டர். “எனக்கு வாணாம் மகள், குளிசையே போதும்” என்று உம்மா பல நாள் மறுத்தார். கடைசியில் நான் கூடவே வருவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

வாட்டில் மிஸ் சிங்களத்தில் விளக்க, நான் உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வாயில் இரும்புச் சுவை வரலாம், குமட்டலாம், தலை சுற்றலாம். இவை பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். ஊசி ஏற்றிய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ சொல்ல வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் தோலில் கபில நிறக் கறை நீண்டகாலம் நிற்கும். உடம்பு தடித்து அரித்தால், நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. அது கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் உயிராபத்தானது. உடனே மருந்தை நிறுத்தி அட்ரினலின் ஊசி போடுவார்கள். மருந்து முடிந்த பின்னும் அரை மணிநேரம் இருக்கச் சொல்வது இதைக் கவனிக்கத்தான்.

“முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?” என்று மிஸ் கேட்டார். உம்மா இல்லையென்று தலையாட்டினார். ஒருமுறை பல்வலிக் குளிசை குடித்து முகம் தடித்ததை நான் நினைவூட்டினேன். “அது சின்ன விஷயம் தானே, அதெல்லாம் சொல்லவா?” என்றார் உம்மா. மிஸ் அதை உடனே குறித்து, டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து, மருந்தை மிக மெதுவாக ஏற்றினார். வாய்க் கசப்போடு எல்லாம் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

தோழியரே, பக்கவிளைவு வேறு, ஒவ்வாமை வேறு, தரமற்ற மருந்து வேறு. மூன்றாவதைத் தடுப்பது அதிகாரத்தில் உள்ளவர்களின் கடமை. அதைக் கேட்பது எமது உரிமை. முதலிரண்டிலும் நோயாளி சொல்லும் ஒரு வார்த்தை உயிரைக் காக்கும். மிஸ்ஸுக்குத் தொந்தரவு என்றோ சிங்களம் தெரியாதென்றோ எங்கள் உம்மாமாரும் உம்மும்மாமாரும் அந்த வார்த்தையை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு மொழியும் கற்கும் நாங்கள் அவர்களுக்குப் பக்கத்தில் இருப்போம்.