சூளை இல்லாத கல்

ஒரு செங்கல் கெட்டியாக இருக்கிறதென்றால் அதற்காக எங்கோ விறகோ கரியோ எரிந்திருக்கிறது. எரிக்காமலே அந்தக் கெட்டித்தன்மையைக் கொண்டுவர முடியும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடு கட்டிக் காட்டிவருகிறார்கள் ஆரோவில்லில். அங்குள்ள கட்டிடக் கலைஞர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் போனது கல் போடுகிறவர்களைப் பார்க்க.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், பெரிய முதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பி மேடேறினால் மண் சிவந்துவிடும். இந்த மேட்டில்தான் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். 1989-இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் உதவியோடு இங்கே மண் கட்டுமானத்துக்கென ஒரு பிரிவு உருவானது. அதை நடத்த வந்தவர் சத்பிரேம் மைனி என்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர். பிரான்சில் கிரனோபிள் நகரில் மண் கட்டிடக் கலையைத் தனியாகப் படித்தவர். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் என்று இன்று அறியப்படுவது அந்தப் பிரிவுதான்.

நான் போன இடம் ஆரோவில்லை ஒட்டிய ஒரு வீட்டுமனை. மேல்மண்ணை வழித்து வேலியோரம் குவித்திருந்தார்கள். வேரும் மட்கும் கலந்த அந்த மண் கல்லுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடும். அதற்கு அடியிலுள்ள செம்மண்தான் சுவராகிறது. மண் எடுத்த பள்ளம் மழைநீர்த் தொட்டியாகப்போகிறது. பிறகு யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. வீட்டின் வரைபடத்திலேயே பள்ளத்துக்கும் இடம் இருந்தது. 1990-களில் மைனி ஆரோவில்லில் கட்டிய ‘விகாஸ்’ குடியிருப்பு இந்தக் கணக்கின் முழு வடிவம். அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே நான்கு தளக் கட்டிடத்துக்குக் கல் போட்டார்கள். கடக்காலிலிருந்து கூரைவரை மண்ணையே நம்பிய அந்தக் குடியிருப்பு, 2000-ஆம் ஆண்டு உலக வாழ்விட விருதின் இறுதிச் சுற்றுவரை போனது.

எந்த மண்ணும் கல்லாகிவிடாது. சரளை 15 சதவீதம், மணல் 50, வண்டல் 15, களி 20 என்பது ஏறக்குறைய நல்ல கலவை. களி கூடினால் காயும்போது வெடிக்கும். மணல் கூடினால் அச்சிலிருந்து எடுக்கும்போதே உதிரும். பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, படிவதைப் பார்த்து விகிதம் அறிகிறார்கள். ஆனால் அன்றாடம் அந்தக் களத்தில் மண்ணுக்குத் தீர்ப்புச் சொன்னவர் ஒரு சித்தாள். ஐம்பது வயதைத் தொடுகிறவர். சல்லடையும் கலவையும் அவர் பொறுப்பு. சலித்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் போட்டு, முதலில் காய்ந்தபடியே புரட்டுகிறார்கள். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்து மறுபடியும் புரட்டல். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு கை மண்ணை அள்ளிக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார்.

“பாத்தியா தம்பி, நாலா அஞ்சா ஒடஞ்சா சரி. பொடிப்பொடியா போனா தண்ணி பத்தல. ஒடையாம தரையில அப்பிக்கிச்சுன்னா கூடிப்போச்சு.”

“ஒவ்வொரு கலவைக்கும் இப்படிப் பாக்கணுமாக்கா?”

“வெயில் ஏற ஏற மண்ணு தண்ணியக் குடிச்சிடும். காலையில பாத்தத நம்பி மத்தியானம் கலக்க முடியுமா?”

கலந்த மண் உடனே பிரஸ்ஸுக்குப் போக வேண்டும், சிமெண்ட் காத்திருக்காது. கையால் இயங்கும் இந்த இயந்திர வகைக்கு மூலம், 1950-களில் கொலம்பியாவில் உருவான சின்வா-ராம். ஆரோவில்லில் அதைத் திருத்தி, வேறு வேறு அச்சுகளை மாற்றிப் போடத்தக்க ‘ஆராம்’ பிரஸ்ஸாக வளர்த்தார்கள். ஒருவர் அச்சில் மண்ணைக் கொட்டி மூலைகளை விரலால் அமுக்குகிறார். இருவர் நீண்ட கைப்பிடியில் தொங்கி இறக்குகிறார்கள். இன்னொருவர் பச்சைக் கல்லை இரு உள்ளங்கையாலும் ஏந்திப் போய் அடுக்குகிறார். விரல் பதிந்தால் தடம் நிற்கும், ஓரம் போய்விடும். கலப்பவர்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து உழைத்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் கல் வரை போடலாம். அவ்வப்போது ஒரு கல்லின் உயரத்தை அளந்து பார்க்கிறார்கள். அளவு தப்பினால் அச்சுக்குள் போடும் மண்ணின் எடை மாறும்.

அடுக்கிய கல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளுக்குள் புழுங்குகிறது. அதன்பின் நான்கு வாரம் தண்ணீர் தெளித்துக் காக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூலி கிடையாது. ஆனால் கல்லுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தாகம் எடுக்கும். “அன்னைக்கும் யாராவது வந்துதான் ஆவணும்” என்றார் சித்தாள் அக்கா. யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

நாட்டுச் சூளைச் செங்கல்லோடு ஒப்பிட்டால் இந்தக் கல்லுக்குச் செலவாகும் எரிசக்தி பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது எர்த் இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. விறகு இல்லை, லாரி ஓட்டம் குறைவு, சிமெண்ட் கொஞ்சம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது களத்தில் நின்றால் தெரிகிறது. சூளை பல தவறுகளை மன்னிக்கும். மண்ணில் ஈரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நெருப்பு அதைச் சரிக்கட்டிக் கல்லாக்கிவிடும். இங்கே நெருப்பு இல்லாததால் அதன் வேலை முழுவதும் ஆட்களின் கவனத்தின் மேல் விழுகிறது. சலிப்பதில் சோம்பினால் கல்லின் பலம் குறையும். அந்தப் பலத்தை ஈடுகட்டச் சிமெண்ட்டைக் கூட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்தாகக் கூட்டினால் சேமித்ததில் ஒரு பகுதி கரைந்துபோகும். பசுமைக் கட்டிடம் என்று நாம் சொல்வதன் பசுமை, அந்தச் சித்தாள் காலையில் பார்த்ததை நம்பி மத்தியானம் கலக்காததில் இருக்கிறது.

கட்டிடக் கலைஞரின் தொழில்வாழ்க்கையைக் கட்டிடங்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம். மைனியின் வாழ்க்கையை வேலைமுறைகளின் வரிசையாகச் சொல்வதே பொருத்தம். கல் சரியான அளவில் வராததால் பிரஸ். பிரஸ் துல்லியமானதும், மூட்டு மெலிந்து கம்பியில்லாத வளைகூரை. பூகம்பப் பகுதிக்கு, உள்ளே துளையிட்டு ஒன்றோடொன்று பிணையும் கல். 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தில் அது பயன்பட்டது. இவற்றையெல்லாம் செய்ய ஆள் வேண்டுமே என்று பயிற்சி வகுப்பு. கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்தில் உள்ள, சுமார் 22 மீட்டர் விட்டமுள்ள தியானலிங்கக் கவிகையும் அவர் வடிவமைப்பே. கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் சூளைச் செங்கல்லால் எழுப்பியது.

வளைகூரை வேலையை அதே மனையில் பார்த்தேன். சென்ட்ரிங் இல்லை. கீழே முட்டுக் கொடுக்காமலே கல் அந்தரத்தில் ஒட்டி நிற்கிறது. எகிப்தின் நூபியக் கொத்தனார்களிடம் வழிவழியாக இருந்த முறை. கட்டிடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி அதை 1940-களில் கையிலெடுத்து, உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். நூபிய முறையில் சாய்வதற்குப் பின்சுவர் ஒன்று தேவை. ஆரோவில்லில் அதை மாற்றி, பின்சுவர் இல்லாமலும் கட்டப் பழகியிருக்கிறார்கள். மேஸ்திரி மெல்லிய கல்லைத் தண்ணீரில் நனைத்து, மண்ணும் மணலும் சிமெண்ட்டும் சேர்ந்த பசைக் கலவையை ஒரு பக்கம் தடவி, பக்கத்துக் கல்லோடு அழுத்தித் தேய்த்து, ஒரு கணம் பிடித்துவிட்டுக் கையை எடுத்தார். கல் அங்கேயே நின்றது. மூட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

“சூளைக் கல்லுன்னா கோணல்மாணலா இருந்தாலும் கலவைய ரொப்பி மட்டம் பண்ணிக்கலாம் சார். இதுல அதுக்கு எடமே இல்ல. கீழ அந்தக்கா தப்பு பண்ணா மேல என் கை காட்டிக்குடுத்துடும்” என்றார்.

இப்படிக் கட்டிய வீடு குளுமையாக இருக்குமா? மண் சுவர் என்றாலே குளுமை என்று நம்பிக்கொள்வது சுலபம். தடித்த சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடும். இரவு நன்றாகக் குளிரும் வறண்ட ஊர்களில் அது பெரும் உதவி. புதுச்சேரிக் கடற்கரையில் இரவும் புழுக்கம். இங்கே சுவரின் கனத்தைவிட நிழலும் காற்றும்தான் முக்கியம். உச்சி வெயில் நேராக இறங்கும் இந்தப் பக்கத்தில் கூரைதான் அதிகம் சூடேறும் இடம். சுஹாசினி ஐயர் வடிவமைத்த ஆரோவில் பார்வையாளர் மையத்தில் இதை உடம்பால் உணரலாம். வளைவுகள், தாழ்வாரங்கள், இரு பக்கமும் திறந்த நடைகள். வெயில் சுவரைத் தொடுமுன் நிழல் தொட்டுவிடுகிறது. மண் கல்லில் கட்டிய அந்த மையத்துக்கு 1992-இல் ஏழைகளுக்கான கட்டிடக் கலைக்கென ஹசன் ஃபாத்தி பெயரில் வழங்கப்படும் விருது கிடைத்தது.

ஏழைகளுக்கான கட்டிடக் கலை. அந்தச் சொற்களோடுதான் மாலையில் மேஸ்திரியின் ஊருக்குப் போனேன். அவர் வீடு கான்கிரீட் தளம் போட்டது; சுவர் சூளைச் செங்கல். அந்தத் தெருவில் மண் கல் வீடு ஒன்றுகூட இல்லை. தெருவில் பலர் மண் கல் போடவும் கட்டவும் போகிறவர்கள்.

“எங்கப்பா மண் வீட்லருந்து வெளிய வரத்தான சார் கஷ்டப்பட்டாரு. நான் திரும்ப மண்ணுல கட்டுனா ஊர்ல என்னா சொல்லுவாங்க?”

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய தானே புயல் இந்தப் பக்கத்துக் கூரை வீடுகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் இவர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் கலைஞர் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியிருந்தது. தளம் போட்ட வீடு என்பது பாதுகாப்பு, மானம், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு எல்லாம் சேர்ந்தது. அந்தத் தளத்தின் விலை மே மாதத்தில் தெரியும். “ராத்திரி உள்ள படுக்க முடியாது, எல்லாரும் வாசல்லதான்” என்று சிரித்தார் அவர் மனைவி.

மானப் பேச்சு ஓய்ந்தபின் மேஸ்திரி கணக்குக்கு வந்தார். சூளைக் கல் பணம் இருக்கிறபோது ரெண்டாயிரம் வாங்கலாம். லாரியில் வந்து இறங்கும், மறுநாளே வேலை தொடங்கலாம். மண் கல்லுக்குப் பிரஸ்ஸை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஏழெட்டுப் பேருக்கு மொத்தமாகக் கூலி தர வேண்டும், ஒரு மாதம் அடுக்கி நனைக்க இடம் வேண்டும். ரெண்டரை சென்ட் மனையில் அந்த இடம் எங்கே? வீட்டைத் தவணை தவணையாகக் கட்டுகிறவனுக்கு இது ஒத்துவராது.

மண் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐஎஸ் 1725 என்ற அந்த விதி 2013-இல் திருத்தப்பட்டது. இயந்திரம் இருக்கிறது. கை பழகியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். இல்லாதது, காய்ந்து தயாரான கல்லை ஐந்நூறு ஆயிரமென்று விற்கும் ஒரு களம். அழகான வளைகூரை வீடு இன்னொன்று வரைவதைவிட, ஊருக்குப் பொதுவாக அப்படி ஒரு களத்தை நிலைநிறுத்துவது கடினமான வேலை. எரிசக்திக் கணக்குப் போடும் கட்டிடக் கலைஞர்கள் அடுத்து வரைய வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். மேஸ்திரியிடமும் சொன்னேன். அவர் தன் தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கல்லு ரெடியா கெடைக்கட்டும் சார், மேல்மாடி அதுலயே எடுக்கறேன். கீழ கட்டுனது கட்டுனதுதான்.”